அணுவறிவின் முன்னோடி டாக்டர் ஹோமி பாபா

முன்னுரை

செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக அமைந்திருக்கிறது கல்பாக்கம். அதனை அடுத்து, அணுசக்தித் துறையில் பணிபுரிவோர் வாழும் குடியிருப்பு ஒன்று உள்ளது. அதன் பெயர் அணுபுரம். மன்னர்களின் பெயரால் ஊர்கள் உண்டு. தெய்வங்களின் பெயராலும் ஊர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அணுவின் பெயரால் ஓர் ஊர் நம் பகுதியில் இருக்கிறது. அப்படியோர் ஊர் தோன்றுவதற்கு வித்திட்டவர் டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா ஆவார்.

கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய பழைய கோட்டையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அக்காலத்தில் நல்ல கப்பலும் பீரங்கியும் உடைய நாடுகள் கடல் கடந்து வந்து நம் கரையில் கோட்டை கட்டின. இருபதாம் நூற்றாண்டில் கப்பலின் இடத்தையும் பீரங்கியின் இடத்தையும் அணுவறிவு பிடித்துக்கொண்டது. அந்த அறிவு எந்த நாட்டிடம் இருக்கிறதோ அந்த நாடு பேசியது; மற்றவை கேட்டுக்கொண்டிருந்தன. புதிதாக விடுதலை பெற்ற நம் நாடு கேட்கும் கூட்டத்தில் இருப்பதா, பேசும் கூட்டத்தில் சேர்வதா என்ற கேள்விக்கு விடையாக அமைந்ததே பாபாவின் வாழ்க்கை.

பிறப்பும் கல்வியும்

ஹோமி பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பம்பாயில், வசதி மிக்க பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஜஹாங்கீர் பாபா சட்டம் பயின்றவர், தாயார் மெஹர்பாய். அத்தை, தொழிலதிபர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி. ஆதலால் தொழிற்சாலைகளைப் பற்றியும் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றியும் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஹோமி வளர்ந்தார். வீட்டில் இருந்த நூல்களும் இசைத்தட்டுகளும் அவருக்கு இளமையிலேயே நல்ல துணையாயின.

பள்ளிப் படிப்பையும் கல்லூரியின் தொடக்கப் படிப்பையும் பம்பாயில் முடித்த அவர், 1927இல் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ஜாம்ஷெட்பூர் எஃகுத் தொழிற்சாலையில் மகன் பணிபுரிய வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனின் மனமோ பௌதிகத்தில் இருந்தது. தம் விருப்பத்தை மறைக்காமல் தந்தையாருக்கு எழுதினார். பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் மேலும் தங்கிக் கணிதம் படிக்கலாம் என்று தந்தையார் இசைந்தார். ஹோமி முதல் வகுப்பில் தேறினார். பின்னர்க் கணிதத்திலும் சிறப்பிடம் பெற்றார். பெற்றோர் சொல்லையும் தட்டாமல், தம் உள்ளத்தின் விருப்பத்தையும் கைவிடாமல் அவர் வழி கண்டது நம் வயதினர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்நாளில் கேம்பிரிட்ஜ் அணு ஆராய்ச்சியின் தலைநகராகவே விளங்கியது எனலாம். 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தது அங்கேதான். அத்தகைய சூழலில் பாபா, எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று மோதிச் சிதறுவதைக் கணக்கிட்டுக் காட்டினார். அது இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகிறது. 1937இல் ஹைட்லர் என்னும் விஞ்ஞானியுடன் சேர்ந்து, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் புகுந்து துகள் மழையாகப் பெருகுவது எவ்வாறு என்பதை விளக்கினார். இப்பெயரைப் படிப்பவர்கள் ஜெர்மனியின் சர்வாதிகாரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் அந்தச் சர்வாதிகாரியின் ஆட்சியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்தவர்.

போர் மாற்றிய பாதை

1939இல் விடுமுறைக்காகப் பாபா இந்தியா வந்தார். அவ்வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. கேம்பிரிட்ஜுக்குத் திரும்ப முடியவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், நம் தமிழகம் தந்த சர் சி. வி. இராமன் பௌதிகத் துறையை நடத்தி வந்தார். அங்கே பாபா சேர்ந்தார். 1941இல், தம் 31ஆம் வயதிலேயே, இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

போர் முடிந்ததும் மீண்டும் வெளிநாடு செல்ல அவருக்கு வாய்ப்புகள் இருந்தன. ஆயினும், தகுந்த வசதி செய்து கொடுத்தால் தம் நாட்டிலேயே உயர்ந்த ஆராய்ச்சி நடத்த முடியும் என்ற உறுதி அவருக்குள் பிறந்தது. 1944ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் வேண்டும் என்றும், இன்னும் இருபது ஆண்டுகளில் அணுசக்தியால் மின்சாரம் எடுக்கும் காலம் வந்தால் அப்போது வல்லுநர்களைத் தேடி நாம் வெளிநாடு போக வேண்டியிராது என்றும் அதில் விளக்கியிருந்தார்.

இக்கடிதத்தின் நாளைக் கவனிக்க வேண்டும். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது 1945 ஆகஸ்டு 6ஆம் நாள். அதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்னரே, நாடு விடுதலை பெறுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, பாபா இதைச் சிந்தித்திருக்கிறார். கிணறு வெட்டுவதைத் தாகம் வந்த பிறகு தொடங்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் தொடங்கி, அவ்வாண்டே பம்பாய்க்கு மாறியது. முதலில் அது உறவினருக்குச் சொந்தமான ஒரு பங்களாவின் பகுதியில்தான் இயங்கியது.

அறிவாளிகளைத் தேடியவர்

கட்டடம் எழுப்பி அதற்கு ஆள் தேடுவது பாபாவின் வழக்கமன்று. தகுதியானவரை முதலில் கண்டுபிடித்து, அவரைச் சுற்றி ஒரு துறையை வளர்ப்பார். காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற விபா சௌதுரி என்னும் வங்கப் பெண்மணியை 1949இல் தம் நிலையத்தில் சேர்த்துக்கொண்டார். அந்நிலையத்தின் முதல் பெண் ஆராய்ச்சியாளர் அவரே. பெண்கள் பௌதிகம் படிப்பதே அரிதாயிருந்த காலம் அது. 2019இல் தொலைதூர விண்மீன் ஒன்றுக்கு விபா என்று பெயர் சூட்டப்பட்டது.

நம் மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. சென்னை லயோலாக் கல்லூரியில் கணிதம் கற்பித்த இயேசு சபைத் துறவி சார்லஸ் ரசீன் அடிகளார், கூர்மையான மாணவர்களைப் பாபாவின் நிலையத்துக்குச் செல்லுமாறு ஊக்குவித்தார். அவ்வாறு 1953இல் சென்ற இருவர் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும். இவர்களுள் சேஷாத்திரி செங்கற்பட்டில் பள்ளிக் கல்வி பயின்றவர். இருவரும் சேர்ந்து 1965இல் வெளியிட்ட தேற்றம் உலகக் கணித அறிஞர்களால் போற்றப்படுகிறது.

பூட்டப்பட்ட கதவுகள்

போருக்குப் பின் உலகம் எப்படி இருந்தது என்பதை அறிந்தால்தான் பாபாவின் பணியின் அருமை புரியும். 1946இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, அணு இரகசியங்களை வேறு நாடுகளுக்குத் தருவதைத் தடை செய்தது. போர்க்காலத்தில் அணுகுண்டு ஆராய்ச்சியில் உடனுழைத்த பிரிட்டனுக்கும் அக்கதவு அடைக்கப்பட்டது. நட்பு நாட்டுக்கே இந்நிலை! 1949இல் சோவியத் யூனியனும் 1952இல் பிரிட்டனும் தாமே அணுகுண்டு செய்தன. இவ்வாறு ஒரு நாட்டின் சட்டம் மற்ற நாடுகளின் போட்டியைத் தூண்டிவிட்டது.

விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948 ஆகஸ்டு 10ஆம் நாள், நம் நாட்டின் அணுசக்திக் குழு அமைக்கப்பட்டது. பாபா அதன் தலைவரானார். மற்ற இருவர் சாந்தி சொரூப் பட்நாகரும், வத்திராயிருப்பில் பிறந்த தமிழர் கே. எஸ். கிருஷ்ணனும் ஆவர். 1954இல் அணுசக்தித் துறை பிரதமரின் நேர் பொறுப்பில் தோன்றியது. நேருவுக்குப் பாபாவின் மீது அளவற்ற நம்பிக்கை இருந்தது.

மணலும் கோதுமையும்

நம் தென்கோடியில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளக் கரையிலும் மோனசைட் என்னும் கனிமம் கலந்த மணல் கிடைக்கிறது. அதில் தோரியம் உண்டு. முன்னாளில் அம்மணலைக் கப்பல் கப்பலாக வெளிநாட்டினர் கொண்டு சென்றனர். காஸ் விளக்குகளின் வலைத்திரி செய்ய அது பயன்பட்டது. தோரியத்தை அணு எரிபொருளாக மாற்ற முடியும் என்று தெரிந்ததும் அதன் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. விடுதலைக்குப் பின் அம்மணலை வெளியே அனுப்புவதற்கு நம் அரசு தடை விதித்திருந்தது.

1951இல் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் கோதுமை கேட்டோம். கோதுமை தருவதானால் மோனசைட்டைத் தர வேண்டும் என்ற குரல் அந்நாட்டுச் சட்டமன்றத்தில் எழுந்தது. பசித்திருப்பவனிடம் பேரம் பேசுவது எளிது. ஆயினும் நேரு அந்நிபந்தனைக்கு உடன்படவில்லை. இறுதியில் கடனாகக் கோதுமை வந்தது. மணலோ நம்மிடமே நின்றது. 1952இல் கேரளத்து ஆல்வாயில் அம்மணலைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மண்ணை விற்பதை விட, மண்ணிலிருந்து பொருள் எடுக்கும் அறிவைப் பெறுவதே மேல் என்பது பாபாவின் கொள்கை.

மூன்று படிகள்

1954இல் பாபா ஒரு நீண்டகாலத் திட்டத்தை வகுத்தார். அதனை எளிமையாகக் காண்போம். இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் வகை ஏறக்குறைய 0.7 சதவிகிதமே. அந்த வகையைப் பெருக்கிச் செறிவூட்டும் முறை அன்று சில வல்லரசுகளின் கையில்தான் இருந்தது. செறிவூட்டிய யுரேனியத்தை நம்பி உலை கட்டினால், அவர்கள் கதவை அடைக்கும் நாளில் நம் விளக்கும் அணையும். ஆகவே இயற்கை யுரேனியத்தையும் கனநீரையும் கொண்டு இயங்கும் உலைகள் முதற்படி என்றார்.

அவ்வுலைகளில் பயன்பட்ட யுரேனியத்திலிருந்து புளூட்டோனியம் கிடைக்கும். அதனை எரிபொருளாகக் கொண்டு, செலவாவதைவிட மிகுதியான எரிபொருளை உண்டாக்கும் ஈனுலைகள் இரண்டாம் படி. தோரியத்தைப் பயன்படுத்தும் உலைகள் மூன்றாம் படி. தோரியம் பாலைப் போன்றது. பால் தானாகத் தயிராகாது; உறைமோர் வேண்டும். அதுபோலத் தோரியத்தை எரிபொருளாக்க முதலிரண்டு படிகளின் விளைபொருள் வேண்டும். நம் நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்தும் தாயைப் போல அவர் திட்டமிட்டார்.

உலக அரங்கில்

1953 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர், அமைதிக்காக அணுவைப் பயன்படுத்தும் திட்டத்தை ஐக்கிய நாடுகள் சபையில் வெளியிட்டார். பூட்டிய கதவு சற்றே திறந்தது. 1955இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலக அணு மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் பெருமை பாபாவுக்குக் கிடைத்தது. கிழக்கு, மேற்கு என்று பிரிந்து நின்ற நாடுகளின் விஞ்ஞானிகள் ஒரே மண்டபத்தில் அமர்ந்து தாம் அறிந்ததை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு சர்வதேச அணுசக்தி முகமையின் விதிகளை வகுத்தபோது, குண்டு வைத்திருக்கும் நாடுகளுக்குக் கண்காணிப்பு இல்லாமல், மின்சாரம் கேட்கும் ஏழை நாடுகளுக்கு மட்டும் காலமெல்லாம் கண்காணிப்பு என்பது நியாயமன்று என வாதாடினார்.

பிறர் உதவியை அவர் வெறுத்தவர் அல்லர். 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய அப்சராவை நம்மவரே வடிவமைத்துக் கட்டினர். எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. 1960இல் கனடாவின் உதவியுடன் சைரஸ் உலை எழுந்தது. அதன் எரிபொருளில் ஒரு பகுதியை டிராம்பேயிலேயே செய்து காட்டினர். ஒவ்வோர் உதவியும் நம் இளைஞர்களுக்கு ஒரு பாடமாக வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்காகவே 1957இல் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்.

விண்வெளி ஆராய்ச்சியும் அவருடைய துறையின் மடியில்தான் பிறந்தது. 1962இல் அதற்கென அமைந்த குழுவுக்கு விக்ரம் சாராபாய் தலைவரானார். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ஏவுதளம் அமைக்க இடம் தேவைப்பட்டது. அங்கே புனித மகதலேன் மரியாள் ஆலயமும் மீனவர் குடியிருப்புகளும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஆண்டகையும் பங்கு மக்களும் தம் ஆலயத்தையே விட்டுக்கொடுத்தனர். 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட் அங்கிருந்து பறந்தது. ராக்கெட் அமெரிக்கா தந்தது. அதனுள் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சு தந்தது. நாட்டின் உயர்வுக்காக எளிய மீனவக் குடும்பங்கள் விட்டுக்கொடுத்த மண்ணையும் நாம் மறவாதிருக்க வேண்டும்.

மனத்தை உறுத்தும் கேள்விகள்

பாபாவைப் போற்றும்போது, அவர் காலத்தில் எழுந்த எதிர்க்குரலையும் சொல்வதே முறை. புகழ் பெற்ற விஞ்ஞானி மேகநாத் சாகா 1954இல் மக்களவையில், அணுத் திட்டம் அளவுக்கு மீறி இரகசியமாக நடத்தப்படுகிறது என்றும், பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி பரவலாக வளர வேண்டும் என்றும் குறை கூறினார். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. பாபா எதிர்பார்த்த வேகத்தில் அணுமின்சாரம் பெருகவும் இல்லை. இன்றும் நாட்டின் மின்சாரத்தில் அதன் பங்கு ஏறக்குறைய 3 சதவிகிதமே.

1964 அக்டோபர் 16ஆம் நாள் சீனா அணுகுண்டு வெடித்தது. சில நாட்களில் பாபா வானொலியில் பேசினார். உலக ஆயுதக் குறைப்பு வேண்டும் என்றார். குண்டு செய்ய ஆகும் செலவையும் எடுத்துரைத்தார். விளக்கேற்றும் அறிவும் அழிக்கும் அறிவும் ஒன்றாகவே இருப்பதால் வந்த தடுமாற்றம் இது. ஹிரோஷிமாவில் மாண்டவர்களுள் நம்மைப் போன்ற பள்ளிச் சிறுமியர் எத்தனையோ பேர். அதை எண்ணும்போது, அறிவு வேண்டும் என்று சொல்லும் நாம், எதற்காக வேண்டும் என்பதையும் உடன் கேட்டாக வேண்டும்.

கலை உள்ளம்

பாபா ஓவியம் தீட்டுவார். மேனாட்டு இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். தம் நிலையத்தின் சுவர்களை இந்திய ஓவியர்களின் படங்களால் அழகுபடுத்தினார். மரங்களின் மீது அவருக்கிருந்த அன்பு தனித்தன்மை வாய்ந்தது. சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ மரத்தை வெட்ட நேர்ந்தால், வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்வார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பனிமலையில் மறைவு

1966 ஜனவரி 24ஆம் நாள் பாபா வியன்னாவுக்குச் சென்றுகொண்டிருந்தார். அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் ஐரோப்பாவின் மோண்ட் பிளாங்க் பனிமலையில் மோதி நொறுங்கியது. அதிலிருந்த 117 பேரும் உயிரிழந்தனர். பாபாவுக்கு அப்போது வயது 56. தில்லியில் இந்திரா காந்தி முதன்முறையாகப் பிரதமர் பொறுப்பேற்றதும் அதே நாள்தான். இரு வாரங்களுக்குள் லால் பகதூர் சாஸ்திரியையும் பாபாவையும் இழந்து நாடு கலங்கியது. 1967இல் டிராம்பே நிலையத்துக்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயரிடப்பட்டது.

அவர் இட்ட வித்து

பாபா அஞ்சியது போலவே கதவுகள் மீண்டும் அடைபட்டன. 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967க்கு முன் குண்டு வெடித்த ஐந்து நாடுகளை மட்டும் அணு ஆயுத நாடுகளாக ஏற்றது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. 1974 மே 18ஆம் நாள் பொக்ரானில் நம் நாடு அணுவெடிச் சோதனை நடத்தியது. கனடா உதவியை நிறுத்தியது. அணுப் பொருள் விற்கும் நாடுகள் ஒன்றுகூடிக் கட்டுப்பாடு விதித்தன.

இந்தக் கதையின் அடுத்த பகுதி நம் கடற்கரையிலேயே நடந்தது. கல்பாக்கத்தில் நம்மவர் கட்டிய சென்னை அணுமின் நிலையத்தை 1983இல் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். சோதனை ஈனுலைக்குப் பிரான்சிலிருந்து வரவேண்டிய செறிவூட்டிய யுரேனியம் வரவில்லை. நம் விஞ்ஞானிகள் மனம் தளராமல், புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாமே உருவாக்கினர். 1985 அக்டோபர் 18ஆம் நாள் அவ்வுலை இயங்கத் தொடங்கியது. 1996இல் தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233ஐக் கொண்டு இயங்கும் காமினி என்னும் சிற்றுலையும் இங்கேயே பிறந்தது. 2024 மார்ச்சில் 500 மெகாவாட் ஈனுலையில் மையப் பகுதியை நிரப்பும் பணி தொடங்கியது. இரண்டாம் படியும் மூன்றாம் படியும் நம் ஊரில்தான் கால் பதித்தன. 2008இல் அணுப் பொருள் விற்கும் நாடுகள் இந்தியாவுக்கு விலக்களித்தன. 34 ஆண்டுகளுக்குப் பின் கதவு திறந்தபோது, நாம் வெறுங்கையுடன் வாசலில் நிற்கவில்லை.

முடிவுரை

இன்று போட்டி கணிப்பொறிச் சில்லுகளுக்கு மாறியிருக்கிறது. 2022 அக்டோபரில் அமெரிக்கா உயர்தரச் சில்லுகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் சீனாவுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தியது. பொருள் மாறியிருக்கிறது, பூட்டும் சாவியும் மாறவில்லை. 1963இலேயே மின்னணுவியலை நாட்டில் வளர்ப்பதற்கான குழுவுக்கும் பாபா தலைமை ஏற்றிருந்தார் என்பது வியப்புக்குரியது.

அன்புத் தோழியரே! பிறர் தரும் பொருளைப் பிறர் நிறுத்த முடியும். நாம் கற்ற அறிவை எவராலும் நிறுத்த முடியாது. பாபா உலைகளைக் கட்டுவதற்கு முன் மனிதர்களை உருவாக்கினார். கதவு அடைபட்ட நாளில் அம்மனிதர்களே நாட்டைத் தாங்கினர். கணக்கும் பௌதிகமும் கடினம் என்று ஒதுங்காமல் நாமும் கற்போம். கற்றதை உயிர் காக்கவும் ஒளி ஏற்றவும் பயன்படுத்துவோம். அவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.